கூரை மேல் ஒரு தாய்மாமன்

மலேசியாவில், ராசா என்ற எங்கள் ஊரில் ரயிலை விட்டு இறங்கி என் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. "மரம் வெட்டினவர் வீடு எங்கே?" என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் என் ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் நான் வெட்டியது ஒரே ஒரு மரம். ரவாங்கில் ஓடு செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஸ்டோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். கோயில் கமிட்டியில் இரண்டு தடவை செயலாளராக இருந்திருக்கிறேன். ரத்த தானம் பதினொரு முறை. அதையெல்லாம் யாரும் அடையாளமாகச் சொல்வதில்லை.

எல்லாம் சோலார் போட்டதால் வந்தது.

சோலார் ஆசை எப்படி வந்தது என்றால், அம்பாங் பெச்சாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் குமரவேல் போடுவதற்குள் நான் போட்டுவிட வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில். (சுற்றுச்சூழலைக் காப்பாற்ற என்று நான் வெளியில் சொன்னதும் உண்மைதான். ஆனால் அது இரண்டாவது காரணம்.) குமரவேல் ஒரு பொருளை வாங்கினால் அதைப் பற்றி ஆறு மாதம் பேசுவான். தண்ணீர் வடிகட்டி வாங்கியபோது அவன் வீட்டுக்குப் போன அத்தனை பேரும் நாலு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது. அவன் கூரையில் சோலார் ஏறினால் நாங்களெல்லாம் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி லெட்சுமி அக்கா. என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஏழு வயது மூத்தவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அவள் வீடு கிழக்கே, என் வீடு மேற்கே. அத்தான் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள். அவர்களுக்கு ஒரே மகள், யமுனா. யமுனாவுக்கு நான் ஒரே தாய்மாமன்.

இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்து. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் அழவில்லை, நான் அழுதேன். வயசுக்கு வந்தபோது முதல் சேலை என் கையால் கொடுத்தது. கல்யாணம் நிச்சயமானதும் அக்கா சுவரோரம் வந்து நின்று, "தம்பி, பந்தக்காலுக்கு மொத கை உன் கைதான். பொண்ணை மேடைக்குக் கூட்டிட்டு வர்றதும் நீதான். தொப்பையைக் கொஞ்சம் கொறைச்சுக்க" என்றாள். நான் அன்றே ரவாங்குக்குப் போய் பட்டுச் சட்டைக்கு அளவு கொடுத்தேன். தொப்பையைக் குறைப்பதாகச் சொல்லி தையல்காரரிடம் இரண்டு அங்குலம் சிறிதாகவே தைக்கச் சொன்னேன். கல்யாணத்துக்கு அப்போது நான்கு மாதம் இருந்தது.

அக்கா வீட்டு முற்றத்தில், சுவரை ஒட்டி, ஒரு கல்யாண முருங்கை நின்றது. சாம்பாரில் போடுகிற முருங்கை இல்லை. இது முள் இருக்கும் மரம், சிவப்பாகப் பூக்கும், இலையை அரைத்து வடை சுட்டால் சளிக்கு நல்லது. கல்யாண வீட்டில் பந்தக்கால் நடும்போது பச்சை மூங்கிலோடு இந்த மரத்தின் கொம்பையும் சேர்த்துக் கட்டி நடுவது எங்கள் வழக்கம். யமுனா வயசுக்கு வந்த வருடம் அக்கா அதை வைத்தாள். "எம்மக கல்யாணத்துக்கு நான் யார் வீட்டுலயும் போயி கொம்பு கேட்டு நிக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்த மரம். பதின்மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை ஒப்புதல் வாக்குமூலம் என்கிறேன்.

சோலார் போட வந்த கம்பெனியிலிருந்து கவிதா என்று ஓர் இன்ஜினியர் வந்தார். முப்பது வயது இருக்கும். தலையில் மஞ்சள் தொப்பி, இடுப்பில் கயிறு. நான் அவருக்குக் கீழே நின்றுகொண்டு ஆலோசனைகள் சொன்னேன். அவர் ஒன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை. பதினான்கு பேனல்கள் ஏறின. போர்ச்சில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். என் கைப்பேசியில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். காலையிலிருந்து மாலை வரை எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அதில் ஒரு கோடு ஓடும். காலையில் ஏறி, மதியம் உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்கும். பார்க்க ஆப்பம் மாதிரி அழகாக உப்பியிருக்கும்.

போகும்போது கவிதா ஒரு காகிதத்தை நீட்டி, "அங்கிள், இதுல எல்லாம் எழுதியிருக்கு. படிச்சிட்டு சைன் பண்ணுங்க" என்றார். நான் சைன் பண்ணினேன்.

அடுத்த ஆறு நாள் நான் வாழ்ந்த வாழ்க்கையை வேறு யாரும் வாழ்ந்திருக்க முடியாது. காலை எட்டு மணிக்கு ஒரு முறை, பத்து மணிக்கு ஒரு முறை, மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அந்தக் கோட்டைப் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் நாள் பதினெட்டுப் பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். நான்காம் நாள் மூன்று பேர். ஆறாம் நாள் குமரவேல் மட்டும் "அடேங்கப்பா" என்று எழுதினான்.

ஏழாம் நாள் காலையிலிருந்து மழை. ஆப்பம் உப்பவே இல்லை, தோசை மாதிரி படுத்துவிட்டது.

மழை பெய்தால் வெயில் வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த "அடேங்கப்பா" என் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. (இதை என் மனைவி விமலாவிடம் கேட்டுவிடாதீர்கள்.) இருந்தாலும் கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வீடு கட்டினால் திருஷ்டி பொம்மை வைக்கிறோம். புது லோரி வாங்கினால் எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். பதினான்கு பேனலை வெட்டவெளியில், ஊர்க் கண்ணுக்கு நேராக, அம்போ என்று விட்டுவைத்திருந்தேன்.

கடையில் விற்கும் சின்னப் பொம்மைகள் எனக்குப் பிடிக்கவில்லை. நானே செய்தேன். என் பழைய தொழிற்சாலை யூனிஃபார்ம், நீலச் சட்டையும் கால்சட்டையும், அதற்குள் தேங்காய் நாரைத் திணித்தேன். இரண்டு கையும் அகல விரிந்து நிற்க ஒரு துடைப்பக்கட்டை. தலைக்குப் பழைய ஹெல்மெட். அதில் வெள்ளைப் பெயின்ட்டால் கண்ணும் பல்லும் வரைந்து, மீசையும் வைத்தேன். கூரையின் கிழக்கு ஓரத்தில் பழைய டிவி ஏரியல் கம்பம் சும்மாதான் நின்றது. அதில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது முழங்காலில் ஏதோ முறுக்கிக்கொண்டது. அதோடு இனி கூரை ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடா தம்பி இது?"

"கண்ணு படக்கூடாதுன்னுக்கா."

"வெயிலுக்குமாடா கண்ணு படும்? யாரு வீட்டுல இல்லாத வெயிலு?"

"உனக்குப் புரியாதுக்கா. இது டெக்னிக்கல்."

மழை விட்டது. வெயிலும் வந்தது. கோடு மறுபடி உப்பியது. ஆனால் முழுதாக இல்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் சட்டென்று விழுந்து, பதினொரு மணிக்குத்தான் எழுந்தது. யாரோ வாய் வைத்துக் கடித்த ஆப்பம் மாதிரி ஒரு பக்கம் பள்ளம். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே ஒன்பது, அதே பதினொன்று.

நான் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். ஒரு சாமான் குறைந்தால் யார் எடுத்தது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். ஒரு சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிழக்கே பார்த்தேன். சூரியன் அக்கா வீட்டு மரத்துக்குப் பின்னால் இருந்தது. வழக்கு முடிந்தது. பொம்மையும் அதே கிழக்குப் பக்கம்தான் நின்றது என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. காவலுக்கு வைத்தவனை யாராவது சந்தேகப்படுவார்களா?

அன்றிலிருந்து அக்காவைப் படுத்தி எடுத்தேன். முதலில் கிளையை மட்டும் கழிக்கலாம் என்றேன். பிறகு பாதி மரம் என்றேன். ஆபீசில் அந்தக் கோட்டைக் கலரில் பிரிண்ட் எடுத்து, பள்ளத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அவள் சமையலறை மேசையில் வைத்தேன்.

"இது என்னடா?"

"உன் மரம் தின்ன கரண்டுக்கா."

"கல்யாணத்துக்கு வச்ச மரம்டா அது. இன்னும் ரெண்டரை மாசந்தான். பந்தக்கால் நட்டுட்டு அப்புறம் பேசு."

"கொம்புதானே வேணும்? ரவாங் பூக்கடையில சொன்னா கொண்டாந்து தர்றான் லா. அஞ்சு வெள்ளிதான் வெலை."

அக்கா முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. மூன்று வாரம் இதே பேச்சு. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது நான் நான்காவது பிரிண்ட்டை நீட்டினேன். அவள் இடியப்ப அச்சைக் கீழே வைத்தாள்.

"வெட்டிக்கடா. நல்லா வெட்டிக்க. வேரோட வெட்டிக்க."

தமிழ்நாட்டிலிருந்து கப்பல் ஏறி வந்த எந்தத் தமிழ்க் குடும்பத்திலும், அக்கா அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். நான் "தேங்க்ஸ்க்கா" என்றேன்.

மறுநாள் அவர்கள் மூன்று பேரும் முகூர்த்தப் புடவை எடுக்கக் கிள்ளானுக்குப் போனார்கள். நான் எங்கள் தாமான் குடியிருப்பில் புல் வெட்டும் ஆறுமுகத்தைச் செயின்சாவோடு வரச் சொன்னேன். விமலா வாசலிலேயே நின்று, "அண்ணி வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றாள். நான் அவளுக்குப் பிரிண்ட்டைக் காட்டினேன். ஆறுமுகம் மரத்தைச் சுற்றி வந்தார்.

"அக்காகிட்ட கேட்டீங்களாண்ணே?"

"கேட்டாச்சு லா. அவங்கதான் வெட்டிக்கச் சொன்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

"எப்படின்னா? வாயாலதான்."

ஆறுமுகம் கையுறையை மாட்டினார். பிறகு செயின்சாவை ஸ்டார்ட் செய்தார். இருபது நிமிட வேலை. கிளைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். நேராக இருந்த ஒரு கொம்பை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் பின்பக்கம் துணி காயப்போடும் கொடி ரொம்ப நாளாகத் தொய்ந்து கிடந்தது. அதற்கு முட்டுக் கொடுத்து நட்டேன்.

அவர்கள் நாலு மணிக்கு வந்தார்கள். அக்கா காரை விட்டு இறங்கினாள். மரம் இருந்த இடத்தில் நின்றாள். கையில் புடவைப் பை. கத்துவாள் என்று நினைத்து நான் பதில்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரைத் தாண்டி விமலாவைப் பார்த்துச் சொன்னாள்.

"விமலா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு. பந்தக்காலுக்கு அவரு வர வேணாம். அம்பாங் பெச்சா குமரவேலும் எனக்குத் தம்பி முறைதான். மாமன் மொறை எல்லாம் அவனே செய்யட்டும்."

அக்கா என்னை "அவரு" என்றாள். ஐம்பத்து நான்கு வருடத்தில் அவள் எனக்குக் கொடுத்த முதல் மரியாதை அதுதான்.

மாமன் இடம் குமரவேலுக்குப் போகிறது. யமுனாவின் கையை அவன் பிடித்து மேடைக்குக் கூட்டி வருவான். பிறகு அதைப் பற்றி ஆறு மாதமா, ஆயுளுக்கும் பேசுவான். நான் இரண்டு அங்குலம் சிறிதாகத் தைத்த பட்டுச் சட்டையோடு ஆறாவது வரிசையில் உட்கார்ந்து பாயசத்துக்காகக் காத்திருப்பேன். யமுனா ஒருநாள் சுவரோரம் வந்து மெதுவாக, "மாமா, அம்மாகிட்ட சாரி கேட்டுடுங்க மாமா" என்றாள். நான் மூன்று முறை போனேன். அக்கா மூன்று முறையும் அத்தானை அனுப்பினாள். அத்தான் கதவருகே நின்று என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன், அவர் உள்ளே போய்விட்டார்.

இதற்கு நடுவில் இன்னொரு கொடுமை. மரம் போன பிறகு என் போர்ச்சில் காலை வெயில் நேராக வந்து இறங்கியது. அது வரை அந்த மரத்து நிழல் விழுந்தது என் கார் மேல்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. சமையலறை ஜன்னலில் விமலா போர்வையைக் கட்டினாள். சரி, வெயில் இவ்வளவு வந்தால் மின்சாரமும் கொட்டுமே என்று ஆப்பைத் திறந்தேன்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பள்ளம். முன்பு இருந்த அதே பள்ளம். ஒரு இம்மி குறையவில்லை.

நான்கு வாரம் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் கம்பெனிக்குப் போன் செய்து, எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் திட்டினேன். மட்டமான பேனலை மாட்டிவிட்டார்கள், நான் விடமாட்டேன், பத்திரிகைக்கு எழுதுவேன் என்றேன். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கவிதா வந்தார். ஏணியைச் சாய்த்து ஏறினார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாயை விரித்து, கல்யாண வீட்டு மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்காதது மாதிரி இருந்தாள், அதாவது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலிருந்து கவிதாவின் குரல் வந்தது.

"அங்கிள், மேல ஒருத்தர் நிக்கிறாரு."

"அது பொம்மைமா. திருஷ்டிக்கு."

"தெரியுது. அவரு நெழலு எங்க விழுதுன்னு பாத்தீங்களா?"

அவர் இறங்கி வந்து கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். என் பேனல்கள் மேல் ஒரு கறுப்பு மனிதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படுத்திருந்தான். மூன்று பேனலை அணைத்துக்கொண்டு, நல்ல தூக்கத்தில் இருப்பவன் போல.

"மூணு பேனல்தானேம்மா, மீதி பதினொண்ணு வேலை செய்யுமே" என்றேன்.

"இல்ல அங்கிள். பதினாலும் ஒரே வரிசையா கோத்திருக்கு. அன்னதானத்துல லைன்ல நிக்கிறோம்ல, முன்னால ஒருத்தர் தட்டோட நின்னு பேசிக்கிட்டு இருந்தா பின்னால யாருக்காச்சும் சோறு வருமா? ஒம்பது மணிக்கு முன்னால நெழலு நீளமா பேனலைத் தாண்டி விழுது. பதினோரு மணிக்கு மேல சூரியன் தலைக்கு மேல வந்துடும், நெழலு சுருங்கிடும். அப்பதான் லைன் நகருது."

"அப்ப அந்த மரம்?"

கவிதா சுற்றிலும் பார்த்தார். "எந்த மரம் அங்கிள்?"

நான் சுவருக்கு அந்தப் பக்கம் தரையோடு தெரிந்த அடிக்கட்டையைக் காட்டினேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு என் ஆப்பை வாங்கிப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார்.

"மொத ஆறு நாள் பாருங்க. காலையில ஒரு பள்ளமும் இல்ல. மரம் அப்பவும் இங்கதானே இருந்துச்சு?"

இருந்தது. அந்த ஆறு நாளையும் நானே படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். என் மேல் வழக்குப் போட வேறு ஆதாரமே தேவையில்லை. கடைசியாகக் கவிதா அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். பேனல் பக்கத்தில் எதையும் கட்டவோ நிறுத்தவோ கூடாது என்று போட்டிருந்தது. கீழே என் கையெழுத்து, ரொம்ப அழகாக.

"மேல நிக்கிறவர எறக்கிடவா அங்கிள்? சட்டையில மோகன்னு பேரு போட்டிருக்கு. யாரு அது?"

"அது... நான்தாம்மா."

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாய்ப் பாயிலிருந்து அக்கா எழுந்து நின்றாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு பேசினாள். என்னிடம் இல்லை.

"யம்மா, அதத் தூக்கிப் போட்டுடாத. பத்திரமா எறக்கி என்கிட்ட குடு. யமுனா கல்யாணத்துக்கு மாமன் மாலையை அதுக்கே போட்டுடறேன். கையை விரிச்சிக்கிட்டு சும்மா நிக்குது. மரம் கிரம் வெட்டாது."

அத்தான் வீட்டுக்குள்ளிருந்து சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். விமலா சமையலறையில் போர்வைக்குப் பின்னால் சிரித்தாள். கவிதா மட்டும் சிரிக்கவில்லை. பொம்மையை இறக்கி, தோளில் கை போட்டு நடத்திக் கூட்டிப்போவது போலக் கொண்டுபோய், சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தார். அக்கா அதை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அன்றைக்கு மதியமே கோடு முழு ஆப்பமாகிவிட்டது. நான் படம் பிடிக்கவில்லை.

பந்தக்காலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை, கொம்பாவது கொண்டுபோய்க் கொடுப்போம் என்று அலைந்தேன். ரவாங் பூக்கடைக்காரர், "அஞ்சு வெள்ளியா? யாருண்ணே சொன்னா? அந்தக் கொம்பு இப்ப எங்க கெடைக்குது, மாவெலையும் மூங்கிலும்தான் இருக்கு" என்றார். உலு யாமில் ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து, "நீங்க ராசாவுல மரம் வெட்டினவரு தானே?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார். ஆறுமுகத்தைக் கேட்டேன். லோரியில் போன கிளையெல்லாம் அன்றே எரிந்துவிட்டதாம். "நான் அப்பவே கேட்டேண்ணே, எப்படிச் சொன்னாங்கன்னு" என்றார். அன்று முழுதும் என்னால் யார் மேலும் கோபப்பட முடியவில்லை. கோபப்பட வேண்டிய ஆளை நான் தினமும் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விமலா பின்பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. கொடிக்கம்பு துளுத்திருக்கு."

துணிக்கொடிக்கு நான் முட்டுக் கொடுத்த கொம்பு. உச்சியில் ஏழெட்டு இலை, பச்சைப்பசேல் என்று. ஒரு பக்கம் என் பனியன் காய்கிறது, மறு பக்கம் மரம் தன் பாட்டுக்குத் துளிர் விடுகிறது. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்து நான்கு வயது ஆம்பளை, பனியனுக்குக் கீழே உட்கார்ந்து அழுதால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். விமலா சொன்னாள், "அழுதது போதும். கொம்பை ஒடிச்சிடாம தோண்டுங்க."

மண்ணோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, தோளில் வைத்துக்கொண்டு அக்கா வாசலுக்குப் போனேன். பொம்மை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நான் அதன் பக்கத்தில் நின்றேன். அக்கா வெளியே வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அக்கா, இது உன் மரந்தான். நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு."

அவள் கொம்பின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக வேர் விட்டிருந்ததையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பழைய அக்காவாகிவிட்டாள்.

"எரும மாடே. நாலு தடவ காயிதத்தைக் கொண்டாந்து காட்டினியே, ஒரு தடவ ஏறிப் பாத்தியா?"

"முட்டி வலிக்கா."

"பந்தக்கால் அன்னிக்கி காலையில அஞ்சு மணிக்கே வந்துடு. குமரவேல்கிட்ட நான் பேசிக்கிறேன்." உள்ளே போகப் போனவள் திரும்பினாள். "கல்யாணம் முடிஞ்சதும் இந்தக் கொம்பை நடணும். எங்க வீட்டுல இல்ல. உன் வீட்டுல, இந்தக் கெழக்குச் சுவரு ஓரமா. தண்ணி நீதான் ஊத்தணும்."

பந்தக்காலுக்கு முதல் கை என் கைதான். யமுனாவின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்ததும் நான்தான். தொப்பை குறையவில்லை. படியேறும்போது பட்டுச் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்து, ஒன்று நாதஸ்வரக்காரர் மேல் விழுந்தது. "தாய்மாமன் முன்னால வாங்க" என்று ஐயர் கூப்பிட்டபோது, கூட்டத்திலிருந்து குமரவேல் சத்தமாக, "எந்த மாமன் சாமி? சட்டையில பேரு போட்டவரா, போடாதவரா?" என்று கேட்டான். அன்று ஆரம்பித்தது இன்று வரை ஓயவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்தில் யார் தாய்மாமனைக் கூப்பிட்டாலும், பின்வரிசையிலிருந்து ஒருவர் அதைக் கேட்டுவிடுவார். யமுனாவின் மாமியார் வீட்டாரும் இப்போது கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

கொம்பை அக்கா சொன்ன இடத்தில் நட்டேன். பந்தக்கால் கொம்பு தழைத்தால் கல்யாணம் தழைக்கும் என்பார்கள். யமுனாவுக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். மரம் அதைவிட வேகமாகத் தழைத்தது. இப்போது என் கூரையைத் தாண்டி நிற்கிறது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, இந்தத் தடவை உண்மையாகவே, அதன் நிழல் என் பேனல்கள் மேல்தான் விழுகிறது. கவிதா வருடா வருடம் சர்வீசுக்கு வருவார். மேலே ஏறிப் பார்ப்பார், இறங்குவார், மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பெரும்பாலான நாட்களில் ஒன்பதரை வாக்கில் அக்கா சுவரோரம் வருவாள்.

"தம்பி, இன்னிக்கிக் கரண்டு எப்படி?"

"கொஞ்சம் கம்மிதான்க்கா."

"மரம் மறைக்குதாடா?"

"லேசா."

"வெட்டிக்கயேன்."

நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன்.